1215ல இப்போ யார் பேசுறாங்க?

கிச்சன் ஜன்னல் ஓரமா ஒரு பழைய ரேடியோ வெச்சிருக்கேன். லண்டன் வந்த புதுசுல ஒரு பழைய சாமான் கடையில வாங்கினது, முள்ளைத் திருப்பி ஸ்டேஷன் புடிக்கிற வகை. ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் மீடியம் வேவ்ல போட்டு ஒரு கோடியில இருந்து இன்னொரு கோடி வரைக்கும் மெதுவா திருப்பிக்கிட்டே வர்றது எனக்கு ஒரு பழக்கம். 1215 கிலோஹெர்ட்ஸ்ல பல வருஷமா அப்சல்யூட் ரேடியோ ராக் பாட்டு போட்டுக்கிட்டு இருந்துச்சு, 2023 ஜனவரியில அங்க நிறுத்திட்டாங்க. நிறுத்தினப்புறமும் கை தானா அங்கதான் போய் நிக்கும். முதல்ல வெறும் இரைச்சல்தான் கேட்டுச்சு, அப்புறம் ஒரு ராத்திரி அந்த இரைச்சலுக்குள்ள இருந்து ஒருத்தர் படபடன்னு ஸ்பானிஷ்ல பேசுறாரு. ஸ்பெயின்ல கோப்பேன்னு ஒரு நெட்வொர்க், அவங்க ஸ்டேஷன்கள் சிலது 1215லதான் இருக்கு. அவங்க புதுசா வரல, ரொம்ப நாளா அங்கயேதான் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க, இங்க இருந்த டிரான்ஸ்மிட்டரோட பலத்துல அந்தக் குரல் அமுங்கிக் கிடந்திருக்கு, அவ்ளோதான்.

அன்னையில இருந்து இதே யோசனைதான். ஒரு பாட்டு ஸ்டேஷன் மீடியம் வேவை விட்டுப் போறப்போ அதோட பேரு, அறிவிப்பாளருங்க, பாட்டு எல்லாம் எஃப்எம்முக்கோ டிஜிட்டலுக்கோ ஆன்லைனுக்கோ குடிபோயிடுது. காலி பண்ணிட்டுப் போன அந்த அலைவரிசைக்கு என்ன ஆகுது, அதுல அடுத்து யாரு குடி வர்றாங்க, யாருமே வரலைன்னா என்ன நடக்குது? பிரிட்டனோட கதையை எடுத்துக்கிட்டா இது ரொம்பத் தெளிவா புரியும், ஏன்னா இங்க ஒரே அலைவரிசை அறுபது எழுபது வருஷத்துல நாலஞ்சு கை மாறியிருக்கு.

அதுக்கு முன்னாடி மீடியம் வேவ் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். பகல்ல அதோட அலை தரையை ஒட்டியே போகும், பவரையும் மண்ணையும் பொறுத்து நூறு, இருநூறு கிலோமீட்டர்னு போகும். மேல எழும்புற அலையை வானத்துல இருக்குற டி அடுக்குன்னு சொல்ற ஒரு மின்னேற்ற அடுக்கு உறிஞ்சிடும். பொழுது சாஞ்சதும் அந்த அடுக்கு கரைஞ்சு போயிடும், அப்போ அலை இன்னும் மேல போயி அங்க இருக்குற அடுக்குல பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கூட வந்து விழும். ராத்திரியில மட்டும் தூரத்து ஸ்டேஷனுங்க வர்றதும், ஒரு நிமிஷம் கணீர்னு கேட்டு அடுத்த நிமிஷம் அலை மாதிரி விலகிப் போறதும் இதனாலதான். கடல் தண்ணி மேல தரை அலை இன்னும் நல்லா ஓடும், தென் தமிழ்நாட்டு கடற்கரை ஊர்கள்ல இலங்கை வானொலி பகல்லயே பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ராத்திரி அலையை வெச்சு ஒரு நாடே பொழச்சிருக்குன்னு சொல்லலாம். லக்ஸம்பர்க் சின்னஞ்சிறு நாடு, அங்க இருந்து 1933லயே ரேடியோ லக்ஸம்பர்க் இங்கிலீஷ்ல பிரிட்டனை நோக்கி ஒலிபரப்ப ஆரம்பிச்சுது, போருக்கு அப்புறம் 1951ல 208 மீட்டர்ங்கிற மீடியம் வேவுக்கு வந்துச்சு. 208 மீட்டர்னா 1440 கிலோஹெர்ட்ஸ், அந்தக் காலத்துல எல்லாரும் அலைநீளத்தைத்தான் சொல்லுவாங்க. அப்போ பிரிட்டன்ல பிபிசி மட்டும்தான், விளம்பரம் கிடையாது, அதுக்கு மேல இசைக்கலைஞர் சங்கத்தோடயும் ரெக்கார்டு கம்பெனிகளோடயும் போட்ட ஒப்பந்தத்தால ஒரு நாளைக்கு இத்தனை மணிநேரத்துக்கு மேல இசைத்தட்டு போடக்கூடாதுன்னு அளவு வேற. பாப் பாட்டு கேக்கணும்னு ஆசைப்பட்ட பசங்க சாயங்காலம் ஆனதும் போர்வைக்குள்ள டிரான்சிஸ்டரை வெச்சுக்கிட்டு 208ஐத் தேடினாங்க.

நம்ம ஆளுங்களுக்கு இது அப்படியே தெரிஞ்ச கதை. 1952ல பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்தப்புறம் ஆல் இந்தியா ரேடியோவுல சினிமா பாட்டு கிட்டத்தட்ட காணாமப் போச்சு, கேக்குறவங்க கூட்டமா ரேடியோ சிலோன் பக்கம் சாஞ்சாங்க, கடைசியில 1957ல விவித்பாரதியை ஆரம்பிச்சுதான் ஆகாசவாணி அவங்களைத் திரும்ப இழுக்கப் பாத்துச்சு. அரசாங்கம் வேணாம்னு சொன்ன பாட்டை பக்கத்து நாட்டு டிரான்ஸ்மிட்டர் கொண்டு வந்து குடுத்துச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு டவர் இருந்தாப் போதும்ங்கிறது மீடியம் வேவோட பெரிய பலம், எஃப்எம்முக்கு அது வராது, எஃப்எம் அலை கண்ணுக்கெட்டின தூரத்தைத் தாண்டி அதிகம் போகாது.

பிரிட்டன்ல அடுத்து நடந்தது கப்பல் விவகாரம். ரோனன் ஓ'ரஹிலின்னு ஒரு அயர்லாந்துக்காரர் 1964 மார்ச்ல, ஈஸ்டர் சமயத்துல, ஒரு பழைய பயணிகள் கப்பல்ல டிரான்ஸ்மிட்டரை ஏத்தி ஃபீலிக்ஸ்டோ ஊருக்கு வெளிய கடல்ல, சட்டம் எட்டாத தூரத்துல நிறுத்தி ரேடியோ கரோலைனைத் தொடங்கினாரு. பின்னாடியே இன்னும் பல கப்பல்கள். லைசென்ஸ் இல்லாம நாள் முழுக்க பாட்டு போட்டாங்க, லட்சக்கணக்கான பேர் கேட்டாங்க. அரசாங்கம் 1967 ஆகஸ்ட்ல சட்டம் போட்டு பிரிட்டிஷ்காரங்க யாரும் அந்தக் கப்பல்களுக்கு வேலை செய்யவோ விளம்பரம் குடுக்கவோ கூடாதுன்னு அடைச்சுது, ஆறே வாரத்துல செப்டம்பர் 30ந்தேதி பிபிசி தன்னோட பாப் சேனலா ரேடியோ 1ஐத் தொடங்குச்சு, அதுல முதல்ல பேசின டோனி பிளாக்பர்னே கப்பல் ரேடியோவுல வேலை பாத்தவர்தான். இப்ப லைட் ப்ரோக்ராம்னு பிபிசியோட பழைய பொழுதுபோக்கு சேனல் இருந்த 247 மீட்டர் ரேடியோ 1 கைக்கு வந்துச்சு. 247 மீட்டர்னா அன்னைக்கு 1214 கிலோஹெர்ட்ஸ். 1978 நவம்பர்ல ஐரோப்பா முழுக்க அலைவரிசைகளை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில ஒழுங்குபடுத்தினப்போ அது ஒரு புள்ளி நகர்ந்து 1215 ஆச்சு. நம்ம கிச்சன் ரேடியோவுல ஸ்பானிஷ் பேசின அதே இடம்தான்.

அந்த 1978 மாத்தத்துல ரேடியோ 1 அங்க இருந்து 1053, 1089ன்னு ரெண்டு அலைவரிசைக்குப் போச்சு, 1215ல சாஸ்திரிய இசை போடுற ரேடியோ 3 வந்து உக்காந்துச்சு. ரேடியோ 3க்கு ஏற்கெனவே எஃப்எம்ல நல்ல இடம் இருந்துச்சு, ரசிகர்களும் ஸ்டீரியோவுல கேக்குறவங்க, மீடியம் வேவ் அவங்களுக்கு ஒரு உபரி இடம் மாதிரிதான்.

இங்கதான் பாட்டுக்கும் மீடியம் வேவுக்கும் இருக்குற அடிப்படைச் சிக்கல் வருது. 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில ஸ்டேஷனுங்களை அடுக்கினா ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்காம அனுப்பக்கூடிய ஒலி நாலரை கிலோஹெர்ட்ஸ் சுமாருக்குத்தான் வரும். மனுஷன் பேச்சு அதுக்குள்ள கிட்டத்தட்ட அடங்கிடும். பாட்டு அடங்காது. வயலின்ல மேல் ஸ்தாயியில இருக்குற மினுமினுப்பு, டிரம்ஸ்ல சிம்பல், ஜால்ரா, பாடுறவங்க மூச்சு, இதெல்லாம் அந்த எல்லைக்கு மேலதான் அதிகம் இருக்கு. எஃப்எம் 15 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் அனுப்பும், அதுவும் ஸ்டீரியோவுல. இன்னொண்ணு, மீடியம் வேவ்ல ஒலியை அனுப்புற முறைக்கு ஏஎம்னு பேரு, அதுல ஒலி, ரேடியோ அலையோட உயரத்துலதான் இருக்கு, மின்னல், மோட்டார், ஸ்விட்ச் எல்லாம் அதே உயரத்தைத்தான் கலைக்கும், அதனால கொரகொரப்பைப் பாட்டுல இருந்து பிரிச்சு எடுக்க முடியாது. எங்க வீட்லயே போன் சார்ஜரை பிளக்ல சொருகினா 900க்கு மேல பாதி டயல்ல ஒரே ரீங்காரம், எல்ஈடி பல்பைப் போட்டா இன்னும் மோசம், ரேடியோவைக் கையில எடுத்து இப்படி அப்படித் திருப்பி உள்ள ஆன்டெனாவா இருக்குற ஃபெரைட் கம்பியோட திசையை மாத்தினாத்தான் கொஞ்சம் அடங்கும். ஒவ்வொரு வீட்லயும் இந்த மாதிரி பத்து இருபது சாமான் வந்தப்புறம் மீடியம் வேவ்ல பாட்டு கேக்குறது ஒரு போராட்டமாவே ஆயிடுச்சு.

அப்புறமும் பாட்டு உடனே போயிடல. 1980கள்ல தனியார் ஸ்டேஷனுங்க ஒரே நிகழ்ச்சியை எஃப்எம்லயும் ஏஎம்லயும் போட்டுக்கிட்டு இருந்தாங்க, அரசாங்கம் ரெண்டுலயும் ஒண்ணையே போட்டா ஒண்ணைத் திரும்பக் குடுக்க வேண்டியிருக்கும்ங்கிற மாதிரி நெருக்குச்சு. லண்டன்ல கேப்பிட்டல் ரேடியோ எஃப்எம்ல புதுப் பாட்டை வெச்சுக்கிட்டு, 1988ல 1548 கிலோஹெர்ட்ஸை கேப்பிட்டல் கோல்டுன்னு பழைய பாட்டு ஸ்டேஷனா ஆக்குச்சு. நாடு முழுக்க கோல்டுன்னு பேரு போட்டு ஏஎம்ல பழைய பாட்டு வந்ததுக்கு இதுதான் வழி. கேக்க ரொம்ப நல்லாத்தான் இருந்துச்சு, அந்தப் பாட்டுங்களே ஏஎம்ல கேக்குறதுக்காக மிக்ஸ் பண்ணினதுதானே, சின்ன ஸ்பீக்கர்ல அதுக்கு ஒரு அழகு உண்டு. ஆனா இந்த ஏற்பாட்டுலயே முடிவும் ஒளிஞ்சிருந்துச்சுன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா புதுப் பாட்டு போன பக்கம் சின்னப் பசங்க போனாங்க, பழைய பாட்டு இருந்த பக்கம் வயசானவங்க மட்டும் நின்னாங்க, அடுத்த தலைமுறைக்கு ரேடியோவுல ஏஎம்னு ஒரு பொத்தான் இருக்குறதே தெரியாமப் போச்சு. அமெரிக்காவுல நியூயார்க்கோட டபிள்யூஏபிசி, 770ல பல வருஷம் பாட்டுக்கு ராஜாவா இருந்த ஸ்டேஷன், 1982 மே 10ந்தேதி பாட்டை மொத்தமா நிறுத்திட்டு பேச்சுக்கு மாறுச்சு, அங்கயும் இதே ஓட்டம்தான்.

1215க்குத் திரும்ப வரேன். 1992ல ரேடியோ 3 அதை விட்டுக் குடுத்துச்சு, 1993 ஏப்ரல் 30ந்தேதி ரிச்சர்ட் பிரான்சனோட விர்ஜின் 1215 அங்க தொடங்குச்சு. நாடு முழுக்கக் கேக்குற முதல் தனியார் ராக் ஸ்டேஷன், அதோட பேர்லயே அலைவரிசை. ஆனா முதல் நாள்ல இருந்தே அவங்களுக்கு எஃப்எம் மேலதான் கண்ணு. 1215 எட்டாத இடங்களுக்கு 1197, 1233, 1242, 1260ன்னு ஒட்டுப்போட்டு சமாளிச்சாங்க, 1995ல லண்டனுக்கு மட்டும் 105.8 எஃப்எம் கிடைச்சுது, 2008ல பேரு அப்சல்யூட்னு மாறுச்சு, பேருல இருந்த 1215 அதுக்கெல்லாம் முன்னாடியே உதிர்ந்து போயிருந்துச்சு. டிஜிட்டல் ரேடியோவும் போனும் வந்தப்புறம் மீடியம் வேவ்ல கேக்குறவங்க குறைஞ்சுக்கிட்டே வந்தாங்க. ரேடியோ 1ம் 1994 ஜூலை 1ந்தேதி மீடியம் வேவை விட்டுச்சு, அந்த 1053ம் 1089ம் டாக் ரேடியோங்கிற பேச்சு ஸ்டேஷனுக்குப் போயி பின்னாடி விளையாட்டுப் பேச்சு போடுற டாக்ஸ்போர்ட் ஆச்சு. பாட்டு காலி பண்ற இடத்துக்கு பேச்சு வர்றது பொதுவா நடக்குறது, பேச்சுக்கு நாலரை கிலோஹெர்ட்ஸ் போதும்னு மேல சொன்னேன் இல்லையா.

பேச்சும் வரலைன்னா செலவு கண்ணை உறுத்த ஆரம்பிக்கும். மீடியம் வேவ்ல டவர்தான் ஆன்டெனா, டவர் முழுசும் அலை அனுப்பும், அலைநீளத்துல கால்வாசி உயரமாவது இருந்தா நல்லது, 208 மீட்டருக்கு 52 மீட்டர், 463 மீட்டருக்கு நூத்துப் பதினஞ்சு. டவருக்குக் கீழ மண்ணுக்குள்ள சக்கரத்துல கம்பி மாதிரி நூத்துக்கணக்கான அடி நீளத்துக்கு செம்புக் கம்பிகளைப் புதைச்சிருப்பாங்க, அந்த நிலம் முழுக்க காலியா கிடக்கணும். பெரிய ஸ்டேஷனுங்க நூறு கிலோவாட்டுக்கு மேல ராப்பகலா கரென்ட் குடிக்கும். ஊரு வளர்ந்து அந்த நிலத்தைச் சுத்தி வீடு வந்ததும் ஸ்டேஷனை விட நிலத்துக்கு விலை கூடிடும். வாஷிங்டன் பக்கத்துல பெதஸ்டாவுல டபிள்யூஎம்ஏஎல் ஸ்டேஷனோட டவர் நிலம் 7.4 கோடி டாலருக்கு வீடு கட்டுற கம்பெனிக்குப் போச்சு, 2020ல டவருங்களை வெடி வெச்சு சாய்ச்சாங்க.

ஐரோப்பாவுல ஒரே ராத்திரியில நடந்தது இன்னும் பெருசு. 2015 டிசம்பர் 31. ஜெர்மனியோட டாய்ச்லாண்ட்ஃபுங்க், பிரான்ஸ் அரசு வானொலி ரெண்டும் மீடியம் வேவை அன்னைக்கு மூடுச்சு, அதே நாள்ல லக்ஸம்பர்க்கோட 1440ம் அணைஞ்சுது. 208ல இங்கிலீஷ் ஒலிபரப்பு 1991 டிசம்பர் 30ந்தேதியே முடிஞ்சுபோச்சு, அப்புறமும் மார்னாக் கிராமத்துல இருந்த அந்த 1200 கிலோவாட் நிலையம் ஜெர்மன் மொழிக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2016ல டவருங்களைத் தகர்த்தாங்க. போர்வைக்குள்ள ரேடியோ வெச்சுக் கேட்ட ஒரு தலைமுறையே அந்த வீடியோவைப் பாத்திருக்கும்.

ஆனா எல்லா இடமும் இப்படி இடிஞ்சு போகல. விட்டுப் போனவங்களுக்கு உபரியா இருந்த இடம், வேற இடமே இல்லாதவங்களுக்கு வீடா ஆகியிருக்கு. லண்டன்ல பிபிசி லோக்கல் ஸ்டேஷன் வெச்சிருந்த 1458ஐ விட்டப்போ அதுல ஆசிய மக்களுக்கான சன்ரைஸ் ரேடியோ வந்துச்சு, 2014ல அதே 1458ல லைக்கா ரேடியோ, ஈழத்துல இருந்து வந்த சுபாஸ்கரன் அல்லிராஜாவோட குழுமம் நடத்தினது. எஃப்எம்ல இடம் கேட்டா கிடைக்காது, கிடைச்சாலும் கட்டுப்படி ஆகாது, பிபிசி கழிச்சு விட்டதுல புலம்பெயர்ந்தவங்க ஊர்ப் பாட்டைப் போட்டாங்க. டாக்ஸி ஓட்டுறவங்க, கடையில நிக்கிறவங்க எத்தனை பேருக்கு அந்த 1458 நாள் முழுக்கத் துணையா இருந்துச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 648 கிலோஹெர்ட்ஸ். சஃபோக் கடற்கரையில ஆர்ஃபர்ட் நெஸ்னு ஒரு கூழாங்கல் திட்டு, பனிப்போர் காலத்துல கோப்ரா மிஸ்ட்னு ஒரு ரகசிய ராடார் கட்டி 1973ல கைவிட்ட இடம். அங்க 1980கள்ல இருந்து பிபிசி உலக சேவை 648ல 500 கிலோவாட்ல ஐரோப்பாவை நோக்கி ஒலிபரப்பிக்கிட்டு இருந்துச்சு, 100 மீட்டருக்கு மேல உயரமான அஞ்சு டவர் வரிசையா நிக்கும். செலவுக் குறைப்புல 2011 மார்ச்ல அதை நிறுத்தினாங்க. டவரு நின்னுச்சு, அலைவரிசை சும்மா கிடந்துச்சு.

கரோலைன் கதை அதுக்குள்ள எங்கெங்கயோ சுத்தி வந்திருந்துச்சு. 1968ல கடன் பாக்கிக்காக கப்பல்களை இழுத்துட்டுப் போனாங்க, திரும்ப வந்த மி அமிகோ கப்பல் 1980ல புயல்ல முழுகுச்சு, 1983ல ராஸ் ரிவெஞ்ச்னு ஒரு பழைய மீன்பிடிக் கப்பல்ல மறுபடி ஆரம்பிச்சாங்க, 1987ல அதோட 300 அடி டவர் விழுந்துச்சு, 1989ல டச்சு, பிரிட்டிஷ் அதிகாரிங்க கடல்லயே ஏறி சாமான்களை எடுத்துட்டுப் போனாங்க. 1990ல லண்டன்ல பல மொழிக்காரங்களுக்கான ஸ்பெக்ட்ரம் ரேடியோவுக்கு 558ஐ லைசென்ஸோட குடுத்தப்போ, அதே 558ல கரோலைன் கப்பல்ல இருந்து பாடிக்கிட்டு இருந்துச்சு, ஸ்பெக்ட்ரத்துக்கு தற்காலிகமா 990ஐக் குடுக்க வேண்டியதாச்சு. அந்த வருஷ நவம்பரோட கடல்ல இருந்து ஒலிபரப்பு முடிஞ்சுது.

அப்புறம் கரோலைன் சட்டப்படி மீடியம் வேவ் வேணும்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்து, 2017 மே மாசம் பிரிட்டனோட ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் லைசென்ஸ் குடுத்துச்சு. சஃபோக், வடக்கு எசெக்ஸ் பகுதிக்கான சமூக வானொலி. குடுத்த அலைவரிசை 648, ஒலிபரப்ப வேண்டிய இடம் ஆர்ஃபர்ட் நெஸ். பிபிசி 500 கிலோவாட்ல ஓட்டின இடத்துல ஆரம்பத்துல ஒரே ஒரு கிலோவாட், பின்னாடி நாலு. அம்பது வருஷத்துக்கு முன்னாடி எந்த ஸ்டேஷனை ஒழிக்கச் சட்டம் போட்டாங்களோ அதுக்கு, பிபிசி விட்டுட்டுப் போன அலைவரிசையை அரசாங்க ஒழுங்குமுறை அமைப்பே எழுதிக் குடுத்துச்சு. ராஸ் ரிவெஞ்ச் கப்பல் இன்னிக்கும் எசெக்ஸ்ல பிளாக்வாட்டர் முகத்துவாரத்துல நங்கூரம் போட்டு நிக்குது, ஆர்வலருங்க பாத்துக்குறாங்க, அதுல இருந்தும் நிகழ்ச்சி வருது.

இந்த மாதிரி இன்னும் குடுக்கலாம்னுதான் நான் சொல்றேன். நெதர்லாந்துல தேசிய வானொலி 2015 செப்டம்பர்ல 747ஐ விட்டப்புறம், சின்ன ஸ்டேஷனுங்களுக்கு ஒரு வாட்ல இருந்து நூறு வாட் வரைக்கும் மீடியம் வேவ் லைசென்ஸ் குடுத்தாங்க, ஒரு வாட்னா டார்ச் லைட் பல்பு அளவு. ஒரு ஊருக்குள்ள கேக்க அது போதும், பெரிய டவரும் வேணாம், தோட்டத்துல ஒரு கம்பம் நட்டா ஆச்சு. பெரிய ஸ்டேஷனுங்க போட்ட சத்தம் அடங்கிப்போன இந்த நேரத்துலதான் இந்தச் சின்னக் குரல்களுக்கு இடமே கிடைக்குது. அலைவரிசை எண்ணெய் மாதிரி தீர்ந்து போற பொருள் இல்ல, யாரும் பயன்படுத்தாம விட்டா யாருக்கும் லாபமும் இல்ல, கோயில் விழா, பள்ளிக்கூடம், மொழி வகுப்பு, பழைய பாட்டு ரசிகர் மன்றம்னு கேக்குறவங்க இருக்காங்க, சுலபமான விண்ணப்பமும் குறைஞ்ச கட்டணமும் வெச்சா எடுத்து நடத்துவாங்க.

நேத்து ராத்திரி சார்ஜரைப் பிடுங்கிட்டு, பல்பை அணைச்சுட்டு ரேடியோவைப் போட்டேன். 1215ல அந்த ஸ்பெயின்காரர் வந்து வந்து போனாரு. 648ல முள்ளை வெச்சு ரேடியோவை ஜன்னல் பக்கம் கிழக்கால திருப்பினேன், கிடாரு கேட்டுச்சு, கொஞ்சம் கொரகொரப்போட, நடுவுல ஒரு பொம்பளை அறிவிப்பாளர் ஸ்டேஷன் பேரைச் சொன்னாங்க, அடுத்த பாட்டு ஆரம்பிச்சுது.